அக்கரையில் எரியும் விளக்குகள்

வேலங்கரை என்று ஓர் ஊர். ஊருக்கு முன்னால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் பரந்த நிலம். ஊர்த்தலைவர் சேதுராயரும் அவர் வயதுக்காரர்களும் இளமையில் ஆற்றை நடந்தே கடந்து, அக்கரையில் உழுது, பொழுது சாய வீடு திரும்பியவர்கள். அந்த வரும்படியில் இக்கரை நிலத்தையெல்லாம் வாங்கினார்கள். ஆற்று மணலை வண்டி வண்டியாக அள்ளி வந்து மாடிவீடுகள் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு இக்கரையில் ஒரு பாத்தி மண் கூட மிச்சமில்லை.

அதனால், வயது வந்தவர்கள் தை பிறந்த மறுநாள் ஆற்றைக் கடந்து அக்கரையில் குடியேறுவது வழக்கமாயிற்று. ஆளுக்கோர் அகல்விளக்கைத் துணியில் முடிந்து தலையில் கட்டிக்கொண்டு, ஆறே தெரியாத விடியற்காலைப் பனிமூட்டத்தில் இறங்குவார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர் அன்று அந்தியில் விளக்கேற்ற வேண்டும். இங்கிருந்து அதைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். தோணியில் மட்டும் போகக் கூடாது. தோணியில் போனவனை வேலங்கரை தன் பிள்ளை என்று சொல்லாது.

போனவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. அங்கே வாழ்வு அவ்வளவு செழிப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நாச்சியின் அண்ணன் வேலப்பன் முந்தின தையில் போனவன். ஒற்றைப் பனைக்குக் கீழே எரிவது அவன் விளக்கு என்று அம்மா சொல்வாள். நாச்சி அந்திதோறும் கரைக்கு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்னடி, தினமும் அண்ணனுக்குக் காவலா?" என்று தோழி பூவாயி கேலி செய்தாள். "அவன் அங்கே ஒருத்தியைக் கட்டி, அவ கையால அடியும் வாங்கியிருப்பான். நாளைக்கு நாமளே போய்ப் பார்த்துடலாம்."

நாச்சி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே ஒன்று அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இக்கரைத் தெருவில் ஒரு வீட்டில் பொழுதோடு விளக்கேறும், ஒரு வீட்டில் நேரமாகும், ஒருத்தி மறந்தே போவாள். அக்கரை விளக்குகளோ பனையில் தொடங்கி ஒவ்வொன்றாக, ஒரே சீராக ஏறிக்கொண்டு போயின. யாரோ ஒருவர் நடந்துகொண்டே ஏற்றுவதுபோல. மார்கழியில் அவள் அப்பா மலையப்பன் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, அக்கரை முழுதும் இருட்டாகக் கிடந்தது. "அங்கே மழையா இருக்கும்" என்றார்கள் ஊரார்.

மலையப்பன் அந்தியானால் வலை பார்க்கப் போகிறேன் என்று ஆற்று வளைவுக்குப் போவார். தை பிறந்த அன்று நாச்சி அவருக்குப் பின்னாலேயே போனாள். நாணல் புதருக்குள் ஒரு தோணி நின்றது. வலை எங்கும் இல்லை. தோணியில் எண்ணெய்க் குடமும் ஒரு கூடைத் திரியும் இருந்தன.

மகளைக் கண்டதும் அவர் நீண்ட மூங்கில் கழியை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணன் விளக்கு யார் ஏத்துறதுப்பா?"

"உன் அம்மா தூங்கணுமே தாயி."

நாச்சி தோணியில் ஏறி, அவர் கையிலிருந்த கழியை வாங்கி, நாணலைத் தாண்டி ஆற்றுப் பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். கழி முழுதும் போயிற்று, கையும் முழங்கை வரை நனைந்தது, தரை தட்டவில்லை.

"அவன் இறங்கும்போது ஏம்ப்பா தடுக்கல?"

"எப்படித் தடுப்பேன்? அக்கரையில இத்தனை விளக்கு எரியுதே, நான் மட்டும் போகக் கூடாதான்னு கேட்டான். ஏத்தினவனே நான்தானே."

"தோணியில கொண்டுபோய் விட்டிருக்கலாமே?"

"அது வழக்கமில்லைம்மா" என்றார் மலையப்பன். எண்ணெய் கொண்டுபோக மட்டும் என்று சேதுராயர் கொடுத்த தோணி அது.

மறுநாள் காலை, தலையில் விளக்கை முடிந்துகொண்டு கரையில் நின்ற பிள்ளைகள் முன்னால் நாச்சி எல்லாவற்றையும் சொன்னாள். சேதுராயர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"ஆழமாம் ஆழம்! இடுப்பளவு தண்ணி. நெஞ்சு நனையாம போய் வந்தவன் நான். உங்களுக்குக் காலு நனைஞ்சாலே தும்மல். முங்கினதுகள் எல்லாம் தெம்பு கெட்டதுகள். மத்ததுக்காவது தைரியம் வரட்டும்னுதான் விளக்கேத்தச் சொன்னேன்."

பூவாயிதான் முதலில் தலையிலிருந்த முடிச்சை அவிழ்த்துக் கீழே வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள். அழுகையோ கூச்சலோ எழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சோறு போட்டால் தின்றார்கள், கூப்பிட்டால் ஏன் என்று கேட்டார்கள். கேலி பேசிய பூவாயி வாயே திறக்கவில்லை.

"பார்த்தியா? ஒரு தலைமுறை நம்பிக்கையையே ஒரு பேச்சில ஊதி அணைச்சுட்டே" என்றார் சேதுராயர் நாச்சியிடம்.

அன்று அந்தியில் நாச்சி கரையில் தனியாக நின்றாள். அக்கரையில் பனைக்குக் கீழே ஒரு விளக்கு ஏறியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. அவளுக்குப் பின்னால் அம்மா வந்து நின்று, எல்லாம் தெரிந்த பிறகும், கை கூப்பினாள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, சொல்லுங்கள். விளக்கேற்றச் சொன்னவர் சேதுராயர். ஏற்றியவர் மலையப்பன். உண்மையைச் சொன்னவள் நாச்சி. அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கையை அணைத்த பழி இந்த மூவரில் யாருக்கு?

விடை: மலையப்பனுக்கு. நாச்சி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்று காலையே அத்தனை பேரும் ஆற்றோடு போயிருப்பார்கள். அவள் சொல்லால் உயிராவது மிஞ்சியது. சேதுராயரின் குற்றம் பெரிதுதான். ஆனால் அவர் மனதில் ஆறு இன்னும் இடுப்பளவுதான் ஓடுகிறது. தாம் நடந்த மணல் தம் வீட்டுச் சுவரில் இருப்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மலையப்பன் அப்படியல்ல. ஆழம் எவ்வளவு என்று அந்திதோறும் அவர் கழி அவருக்குச் சொல்லிற்று. ஆழத்தை வெல்லும் தோணியும் அவர் கையிலேயே இருந்தது. பிள்ளைகளிடம் அவருக்கு அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அன்போடுதான் நாள் தவறாமல் ஆற்றைக் கடந்து போய், செத்தவர்களுக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் எண்ணெய்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார இடம் இருந்தது.