புல்லால் செய்த குதிரை

முன்னொரு காலத்திலே, வெண்மணற்பட்டினம் என்ற கடலோர நாட்டைச் சண்டப்பிரதாபன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குப் பரிசளிப்பான். மாலையில் அவனையே அதைத் தூக்கச் சொல்வான். அப்படியொரு குணம்.

அரபு தேசத்தில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது, காது மட்டும் கறுப்பு என்று யாரோ ஒரு வியாபாரி சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரி திருமேனிநாதர் யோசனைப்படி ஒரு பாய்மரக்கப்பல் புறப்பட்டது. அதில் சுக்கான் பிடிக்கப் போனவன் வயிரவன். அவன் பெண்டாட்டிதான் நம் நீலாயி.

குதிரையை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டதாகப் பின்னால் வந்த தோணிக்காரர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம் பேச்சுமூச்சில்லை. ஒரு வாடைக்காற்றுக் காலம் வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று.

நீலாயி அரண்மனை லாயத்துக்குப் புல் அறுத்துப் போட்டுப் பிழைத்தாள். புல் அறுக்கும்போது தூரத்தில் ஒரு கொக்கு பறந்தாலும் கப்பல்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பாள். கோரைப்பாயில் இன்னும் ஒரு பாதியில்தான் படுப்பாள். மறுபாதி அவன் இடம். ஊர் என்ன சொன்னாலும் அவள் மனசு அவன் வருகிற திசையிலேயே கிடந்தது.

அரசவையில் தானாபதி கங்காதரர் என்று ஒருவர் இருந்தார். மந்திரியின் தலைப்பாகை தன் தலைக்குத்தான் பொருந்தும் என்பது அவருடைய தீராத எண்ணம். கப்பல் முழுகியது என்று ஊரறிய முடிவு கட்டிவிட்டால், அனுப்பச் சொன்ன மந்திரியின் கதையும் முடிந்ததல்லவா?

"மகாராஜா, போன கப்பல் போனதுதான். உடல் கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருச் செய்து கொள்ளி வைப்பது நம் வழக்கம். வருகிற அமாவாசையன்று எல்லா வீட்டாரும் கடற்கரையில் காரியத்தை முடிக்கட்டும். பெண்கள் தாலியைக் கழற்றட்டும். பாவம், ஆத்மாக்கள் அலையுமே!" என்றார் கங்காதரர்.

மந்திரி வாயைத் திறந்தார். "அனுப்பிக் கெடுத்தவர் பேசலாமா?" என்று தானாபதி மடக்கிவிட்டார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ராஜா, "ஆகட்டும்" என்றான்.

நீலாயி மட்டும் மாட்டேன் என்றாள். சேவகர்கள் அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என் உத்தரவையே மீறுகிறாயா? அமாவாசையன்று புல் உருவோடு கடற்கரைக்கு வராவிட்டால் உன்னை நாடு கடத்துவேன்!" என்று ராஜா கர்ஜித்தான்.

நீலாயி நினைத்துப் பார்த்தாள். நாட்டை விட்டுப் போய்விட்டால், வயிரவன் வரும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்? பிறகு குனிந்து கும்பிட்டு, "உரு கொண்டாரேன் மகாராசா" என்றாள்.

தானாபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

அமாவாசை வந்தது. கடற்கரையில் வீட்டுக்கு ஒரு புல் மனிதன் வரிசையாகக் கிடந்தான். பெண்கள் அழுத அழுகையில் அலைச்சத்தம் கேட்கவில்லை. கடைசியாக நீலாயி ஒரு பெரிய உருவைத் தலையில் சுமந்து வந்து ராஜாவின் காலடியில் இறக்கினாள்.

ராஜா உற்றுப் பார்த்தான். "இதென்ன, உன் புருஷனுக்கு நாலு காலா? வால் வேறு இருக்கிறதே!"

"இது என் வீட்டுக்காரரு இல்லீங்க மகாராசா, உங்க குதிரை. அதுவும் அதே கப்பல்லதான வந்துச்சு? காதுக்குக் கரி பூசியிருக்கேன், பாருங்க. இதுக்கு உரிமைப்பட்டவரு நீங்கதான். முதல் கொள்ளி நீங்க வைங்க, அப்புறம் நாங்க வைக்கிறோம்."

ராஜாவின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "என் குதிரை செத்துப்போயிற்று என்று எவன் சொன்னான்?"

"தானாபதி ஐயாதான் சொன்னாரு."

எல்லோரும் கங்காதரரைப் பார்த்தார்கள். "குதிரையை நான் சொல்லவில்லை மகாராஜா! மனிதர்களைத்தான்..."

"அடடே! கடல் ஆள் பார்த்துத்தான் மூழ்கடிக்கும் போலிருக்கிறது" என்றார் மந்திரி.

"கப்பல் உடைந்தால் என்ன?" என்று ராஜா கத்தினான். "என் குதிரை நீந்தும்! எங்கேயாவது ஒரு தீவில் ஒதுங்கி மேய்ந்துகொண்டிருக்கும். இன்றைக்குக்கூட லாயத்தில் அதற்குக் கொள்ளு ஊறுகிறது!"

"தெரியுங்க. அந்தக் குதிரையில்லாத கொட்டடியில தினமும் புல்லு பரப்புறவ நாந்தான். நீங்க வந்து வெறுங்கம்பத்தைத் தடவிட்டுப் போறதையும் பார்த்திருக்கேன்." நீலாயியின் குரல் இறங்கியது. "நீங்க ஒரு நாளும் ஏறாத குதிரைங்க அது. என்கூட வாழ்ந்த மனுசன் அவரு. அந்தத் தீவுல, உங்க குதிரை பக்கத்துல, அவரு நிக்க ஒரு அடி இடம் இருக்காதா மகாராசா?"

ராஜா கொள்ளிக்கட்டையைக் கையில் வாங்கினான். புல் குதிரையைப் பார்த்தான். அதன் பக்கத்தில் கிடந்த புல் மனிதர்களைப் பார்த்தான். கட்டையை ஈர மணலில் குத்தி அணைத்தான்.

"இனி எந்த வீட்டில் காரியம் நடந்தாலும் அந்த வீட்டுப் பெண் சொல்லித்தான் நடக்க வேண்டும். காத்திருப்பவர்களைக் கேலி பேசுகிறவன் நாக்கு தப்பாது. தானாபதியாரே, நீர் இன்றுமுதல் கலங்கரை விளக்கத்துக்கு எண்ணெய்க் குடம் சுமந்து ஏறி விளக்கேற்றும். கப்பல் வரும்வரை அதுதான் உமக்கு உத்தியோகம்."

ஒரு கிழவி மட்டும் முன்னே வந்தாள். "எனக்குக் காத்திருந்து ஓஞ்சுபோச்சு ராசா. எம்மவனுக்கு நான் வச்சிடுறேன்" என்று அவளாகவே கொள்ளி வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீலாயியிடம் நீட்டினான். பிறகு, ராஜா மாதிரி இல்லாமல், மெதுவாகக் கேட்டான்: "நிஜத்தைச் சொல், நீலாயி. அவர்கள் வருவார்கள் என்று நம்புகிறாயா?"

நீலாயி மாலையை வாங்கக் கை நீட்டவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"தெரியலீங்க மகாராசா. ஆனா ஒருநாள் அவரு வந்து நின்னு, 'என்னடி, கழுத்து வெறிச்சுனு இருக்கு?'ன்னு கேட்டா, அவருக்குச் சொல்ல எங்கிட்ட வார்த்தை இல்லீங்க."