நரிக் கடை வறுவல்

எல்லோரும் அதை ஒரு நொடியில் பிரிக்கிறார்கள். ஆனால் யாராலும் அதைப் பிரிக்க முடியவில்லை. அது என்ன?

விடை தெரிந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் காட்டு நரிக்கு அது தெரியவில்லை.

அந்த நரி மரவள்ளிக் கிழங்கு வறுவல் கடை வைத்திருந்தது. வறுவலைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டு விற்றது. தின்றவர்கள் காலி பாக்கெட்டை முள்ளம்பன்றியின் பட்டறையில் போட்டுவிட்டுப் போவார்கள். முள்ளம்பன்றி ஆண்டுதோறும் அவற்றை உருக்கிப் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வார்க்கும். கோடையில் ஓடை வற்றிவிடும். மலைச் சுனையிலிருந்து யானை கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர்தான் காட்டுக்கே ஆதாரம். அதைப் பிடித்துவைக்க இந்தத் தொட்டிகளை விட்டால் வேறு வழியில்லை.

அந்த ஆண்டு நரி பாக்கெட்டை மாற்றியது. வெளியே ஒரு பிளாஸ்டிக், நடுவில் வெள்ளி போல மின்னும் தகடு, உள்ளே வேறொரு பிளாஸ்டிக். மூன்றையும் பசை போட்டு ஒன்றாக ஒட்டியது. மேலே சிவப்பும் மஞ்சளும் பூசியது. வறுவல் ஒரு மாதமானாலும் நமுத்துப்போகவில்லை. குட்டிகள் கடையை மொய்த்தன.

கோடை வந்தது. அந்த மின்னும் பாக்கெட்டுகளை உருக்கி வார்த்த புதிய தொட்டிகளில் யானை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது. அது அடுத்த நடை வருவதற்குள் தொட்டிகள் விரிசல் விட்டிருந்தன. தண்ணீர் மண்ணுக்குள் போயிருந்தது.

முள்ளம்பன்றி ஒரு காலி பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நரியிடம் வந்தது.

"தம்பி, இதைப் பிரிக்க முடியவில்லை."

நரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அக்கா இப்படிச் சொல்கிறீர்கள்? நேற்றுப் பிறந்த முயல்கூடப் பிரிக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள்." புதிய பாக்கெட் ஒன்றை எடுத்துச் சரக்கென்று கிழித்தது. "பிரிந்ததா?"

"வாய் பிரிந்தது. நான் கேட்பது அதில்லை. நடுவில் இருக்கும் தகட்டைத் தனியாகப் பிரித்துக் கொடு."

நரி நகத்தால் சுரண்டியது. பல்லால் கடித்து இழுத்தது. வெந்நீரில் ஊறவைத்தும் பார்த்தது. தகடு வரவில்லை. சாயம் உதட்டில் ஒட்டியதுதான் மிச்சம்.

"உதட்டுச் சாயம் எடுப்பாக இருக்கிறதே, கல்யாணத்துக்கா?" என்று மரத்திலிருந்த மைனா கேட்டது.

முள்ளம்பன்றி சிரிக்கவில்லை. "இதை உருக்கினால் ஒன்று உருகுகிறது, ஒன்று கருகுகிறது, ஒன்று அப்படியே கிடக்கிறது. அதில் வார்த்த தொட்டி எப்படித் தாங்கும்? முழுவதையும் ஒரே பிளாஸ்டிக்கில் செய், தம்பி. சாயமும் வேண்டாம்."

"ஒரே பிளாஸ்டிக் என்றால் வறுவல் சீக்கிரம் நமுத்துப்போகும். நான் ஓயாமல் வறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னாவிட்டால் குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காது."

அது பொய்யில்லை. முள்ளம்பன்றிக்கும் அது தெரியும்.

"குட்டிகளே முடிவு செய்யட்டும்" என்றது நரி. பழைய மாதிரி மங்கலான பாக்கெட் ஒன்றையும், மின்னும் பாக்கெட் ஒன்றையும் பலகையில் வைத்தது.

மான் குட்டி வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் மின்னுவதை எடுத்தது.

"பார்த்தீர்களா? இதில் என் தப்பு என்ன இருக்கிறது?" என்றது நரி.

மான் குட்டி அங்கேயே நின்று ஒரு துண்டு விடாமல் தின்றது. "மாமா, உப்பு தூக்கலாக இருக்கிறது. தண்ணீர் எங்கே?"

கடை வாசலில் இருந்த தொட்டியை எட்டிப் பார்த்தது. அடியில் ஈரம் மட்டும் இருந்தது. அதை நக்கியது. அடுத்த தொட்டிக்கு ஓடியது. அங்கே அதுவும் இல்லை. திரும்பி வந்து நரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில் காலி பாக்கெட் மின்னிக்கொண்டிருந்தது.

நரி தனக்கென்று வைத்திருந்த சுரைக் குடுக்கையை எடுத்து, கடைசிச் சொட்டு வரை மான் குட்டியின் வாயில் சாய்த்தது. அடுத்து வரும் குட்டிக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை.

"குட்டியிடம் கேட்டிருக்கக் கூடாது, அக்கா" என்றது.

"அதற்கு என்ன தெரியும்? ஒட்டியது நீதானே."

நரி பசைப் பானையைக் கவிழ்த்து வைத்தது. மறுநாள் முதல் பாக்கெட் முழுவதும் ஒரே பிளாஸ்டிக். சாயத்துக்குப் பதிலாகக் கடையின் பெயரைப் புடைப்பாக அழுத்தி எடுத்தது. வியாபாரம் சில நாள் மந்தமாகத்தான் இருந்தது. அடிக்கடி வறுத்ததில் தோள் வலித்தது. நரி முனகிக்கொண்டே வறுத்தது.

கோடை முடிவதற்குள் முள்ளம்பன்றி அந்தப் பாக்கெட்டுகளை உருக்கி ஒரு தொட்டி வார்த்துவிட்டது. அதைக் கடை வாசலில் வைத்தார்கள். யானை தண்ணீர் ஊற்றியது. மறுநாள் காலையிலும் அது ததும்பிக்கொண்டிருந்தது.

மான் குட்டி வந்து வயிறு முட்டக் குடித்தது. பிறகு கடைப் பலகையைப் பார்த்தது. அதில் இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன. இரண்டும் மங்கல், இரண்டும் ஒரே பிளாஸ்டிக்.

"ஒன்றில் உப்பு வறுவல், ஒன்றில் மிளகு வறுவல். எது வேண்டும்?" என்று நரி கேட்டது.

ஒரு பொருளைச் சேர்த்து ஒட்டுகிறவர்தான் அதைப் பிரிக்கும் வழியையும் யோசிக்க வேண்டும். அந்தப் பாரத்தை வாங்க வரும் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது.

மான் குட்டி மிளகு வறுவலை எடுத்துக்கொண்டது.