ராகு காலம் தாண்டட்டும்

செங்கோடனுக்குத் துரோகம் செய்தவர் அவருடைய மச்சான் குப்புராஜ். சங்ககிரி லாரிப்பேட்டை முழுக்க இது தெரியும். தெரியாதவர்களுக்குச் செங்கோடனே சொல்லிவிடுவார். அன்றைக்கும், லாசரின் பஞ்சர் கடையில் குப்புராஜ் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“செமிகண்டக்டர் கம்பெனிப் பங்கு வாங்கி வெச்சிருந்தேனுங்க. காருக்கும் செல்போனுக்கும் உள்ள வைக்கிற சில்லு பண்ற கம்பெனி. அது ஏறுச்சு பாருங்க, விலையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பழசாயிரும். போன் கொதிச்ச கொதியில எம்பட ஊட்டுக்காரி அது மேலயே தோசை சுட்டா.”

“எண்ணெய் ஊத்தியா, ஊத்தாமயா?” லாசர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி கேட்டார்.

“எண்ணெய் எதுக்கு? கண்ணாடிதான் வழவழன்னு இருக்குதல்ல! அதை விடுங்க. வெலை ஏறுனா போன்ல ஒரு பச்சைக் கோடு ஏறுமல்லோ, அது போனைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு. கூரையில நாலு ஓடு பிரிச்சு வழி விட்டேன். ஊட்டுக்காரி அதுல என் வேட்டியைக் காயப் போட்டா. அது மேகத்துக்குள்ள போயி, போட்டதை விட ஈரமா வந்துச்சு.”

“அப்பவே வித்திருக்கலாமல்லங்க?” என்றான் ஒரு லாரி டிரைவர்.

இந்தக் கேள்விக்காகத்தான் செங்கோடன் காத்திருந்தார்.

“உச்சி எங்கன்னு தெரியாம விக்கறவன் மடையன். கோட்டைப் புடிச்சு நானே ஏறினேன். கீழ சங்ககிரி மலை பொரியுருண்டை மாதிரி கெடக்குது. உச்சியில நெலா தலையை இடிச்சுது. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு, விக்கறதுக்கு வெரலைத் தூக்கினேன். கீழ இருந்து இந்த மனுசன் கத்தறாரு: ‘மாப்ளே, இருங்க! வெள்ளிக்கெழமை! பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருச்சு, தாண்டட்டும்!’ தூக்கின வெரலோட நின்னேன். ஒரு குருவி வந்து அந்த வெரல்ல கூடு கட்டி, முட்டை போட்டு, குஞ்சுக்கு ரெக்கை மொளைச்சுப் பறந்தும் போச்சு.”

“ஒண்ணரை மணி நேரத்துலயா?”

“அந்தக் குருவியும் இதே பங்கு வாங்கியிருந்துச்சு லாசரு. அதான் அந்த வேகம்.”

டிரைவர் டீயைத் துப்பிவிட்டான்.

“பன்னெண்டு அடிச்சுது. வெரலை வைக்கறதுக்குள்ள கோடு சரிஞ்சுது. அதோடயே சறுக்கி வந்து விழுந்தேன். இந்தக் கடை வாசல்ல இருக்குதே குழி, அது நான் விழுந்த குழி. காசு போனா போவுது. நாலு பேர் முன்னால ‘என் தப்புத்தான் மாப்ளே’ன்னு ஒரே ஒரு வார்த்தை இவரு சொல்லட்டும்!”

எல்லோரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார்.

“நான் பாத்தது உங்க ஊட்டுக் காலண்டருங்க மாப்ளே. முந்தின நாள் தாளை நீங்க கிழிக்கவே இல்ல. அன்னைக்குச் சனிக்கெழமை. மார்க்கெட்டே லீவு.”

கடை அதிரச் சிரித்தது. செங்கோடன் அசரவில்லை.

“கேட்டுக்கோங்க! மார்க்கெட்டு தொறந்திருந்தா எந்தப் பங்கும் ஏறும். பூட்டிக் கெடக்கும்போது நெலா வரைக்கும் ஏறினது எம்பட பங்கு ஒண்ணுதான்! அதுவுமில்லாம, சனிக்கெழமைன்னா ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சிருச்சே! அப்பறம் எதுக்குய்யா என்னைத் தடுத்தீங்க?”

குப்புராஜ் டம்ளரை வைத்துவிட்டு, குழியைச் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அதுவரை அவர் செங்கோடனுக்குச் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. இப்போது, முடிந்துபோன ராகு காலத்தைச் சொல்லித் தடுத்ததற்கும் சேர்த்து இரண்டாகிவிட்டது.