குரல்களை எண்ணியவர்

“முப்பத்தோரு வருஷம்மா! எண்ணூறு கல்லூரி. எல்லாத்தையும் ஆறு தரமாப் பிரிச்சாச்சு. உங்க கல்லூரி ஒண்ணுதான் என்னைப் பாடாப் படுத்துது.”

மலையேறி வந்த மூச்சிரைப்போடு புலம்பினார் ஆய்வாளர் கோதண்டபாணி. உயர்கல்வியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய பட்டியலில் இடம் கிடைக்காத கல்லூரியை இழுத்து மூடிவிடுவார்கள்.

முதல்வர் பவளம் அவரைவிட இருபது வயது இளையவர். சுக்குக் காப்பியை நீட்டினார்.

“என்ன குறை ஐயா?”

“ஆள் குறை. இருபது மாணவங்க இருந்தாத்தான் கடைசித் தரமாவது கிடைக்கும். இன்னிக்கே நேர்ல எண்ணிக் கையெழுத்துப் போடணும். பாழாப்போன பனி! எதிர்ல நிக்கிற ஆளே தெரியலை. எப்படி எண்ணுவேன்?”

“கேள்வி கேக்கிற குரலை எண்ணுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவங்கதானே மாணவங்க.”

கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகப் பனி வகுப்பறைக்குள் தாராளமாக வந்து உட்கார்ந்திருந்தது. பெஞ்சு எது, ஆள் எது, ஒன்றும் புலப்படவில்லை. கோதண்டபாணி தடவித் தடவி ஓர் இடம் பிடித்தார். தூக்கத்தில் நடப்பது போலிருந்தது.

எங்கிருந்தோ ஒரு குரல் கேள்வி கேட்டது. வேறெங்கிருந்தோ ஒரு குரல் பதில் சொன்னது. அவர் தாளில் ஒரு கோடு போட்டார்.

கோடுகள் பத்தொன்பதில் நின்றன.

அரைமணி காத்திருந்தார். புதுக்குரல் வரவில்லை. அடக் கடவுளே, ஒன்றே ஒன்று! எத்தனையோ கல்லூரிகளைக் கண்ணிமைக்காமல் கழித்துக் கட்டியவர்தான். இன்று அவருக்குக் கை ஓடவில்லை.

பனிக்குள் பாடம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“மழையே பெய்யாத நாள்லயும் சோலையில மரத்தடி ஈரமா இருக்கே, எப்படி?” ஏற்கெனவே எண்ணிய குரல்தான்.

“இலைங்க பனியைப் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா இறக்குது.”

கோதண்டபாணி பென்சிலை மறந்தார். எண்ணூறு கல்லூரிக்குப் போயிருக்கிறார், ஒன்றிலாவது உட்கார்ந்து பாடம் கேட்டதில்லை மனுஷர்!

“அப்போ மரமே இல்லாத இடத்துல?”

யார் கேட்டது? அவரேதான். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“அங்கே பனி நிக்காதுங்கய்யா,” என்றது ஓர் இளங்குரல். “சும்மா கடந்து போயிடும்.”

அவர் பென்சிலைத் தேடி எடுத்தார்.

பின்னாலிருந்து பவளம் கேட்டார். “எண்ணியாச்சா ஐயா?”

“ஆச்சும்மா,” என்றார் கோதண்டபாணி. “இருபது.”