எல்லாம் மன்னர் செயல்

முன்பு ஒரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாத ஒரு காலத்தில், பெரிய ஏரி ஒன்றை ஒட்டி ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட செண்பகமாறன் நல்ல மன்னன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அவனுக்கு ஏதாவது ஒரு விசித்திர ஆசை வந்துவிடும். ஒரு வருஷம் அரண்மனைக்குள் யாரும் தும்மக் கூடாது என்றான். இன்னொரு வருஷம் பட்டத்து யானைக்குத் தாலாட்டுப் பாடச் சொன்னான். இந்தக் கதை நடந்த வருஷம் வந்த ஆசை கொஞ்சம் பொல்லாதது.

அவனுடைய நாற்பதாவது பிறந்த நாளன்று தலைமை அமைச்சரான பிரதானி ஆதிச்சதேவர் சபையில் எழுந்து, இந்த நாட்டில் மல்லிகை பூப்பதுகூட மன்னரின் அருளால்தான் என்று சொல்லி வைத்தார். மன்னனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. உடனே ஓர் ஓலை எழுதச் சொன்னான். ‘என் உயர்வும் என் செயலும் யாவும் மன்னர் செயலே; என்னால் ஆனது ஏதுமில்லை.’ சபையில் இருக்கும் அத்தனை பேரும் இதில் கையெழுத்திட வேண்டும் என்பது கட்டளை.

பிரதானி முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். தளபதி, புலவர், வைத்தியர் என்று எழுபத்திரண்டு பேர் இட்டு முடித்தபின் ஓலை விகடன் அம்பலத்தாடியிடம் வந்தது.

இந்த அம்பலத்தாடி சபையிலே பிறந்து வளர்ந்தவன் அல்ல. இருபத்திரண்டு வயது வரை கடற்கரையிலிருந்து உப்பு வண்டி ஓட்டியவன். மாடுகள் இளைப்பாறும் மதிய வேளையில் கோயில் சுவர்களில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவியே படிக்கக் கற்றான். பிறகு தலைநகருக்கு வந்து அரண்மனை வாசலில் நான்கு மாதம் நின்றான். தினமும் காவலனுக்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்வான். காவலனின் சிரிப்புச் சத்தம் ஒருநாள் அந்தப்புரம் வரை கேட்டு, யார் அது என்று மன்னன் ஆள் அனுப்பினான். அப்படித்தான் அவன் உள்ளே வந்தான். யாரும் சிபாரிசு செய்யவில்லை. தங்கள் தயவு இல்லாமல் ஒருவன் உள்ளே வந்துவிட்டானே என்பதுதான் பிரதானி கூட்டத்துக்குத் தீராத எரிச்சல்.

அம்பலத்தாடி ஓலையை இரண்டு முறை படித்தான். எழுத்தாணியை எடுத்தான். வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டான்.

“ஏன் தயக்கம்?” என்று மன்னன் கேட்டான்.

“வீடு தாங்கள் தந்தது, அரசே. சால்வை தாங்கள் தந்தது. அதை எழுதச் சொன்னால் நூறு ஓலை எழுதுவேன். ஆனால் வாசல் வரைக்கும் என் காலால் நடந்து வந்தேன். தாங்கள் சிரித்ததும் என் சொல்லைக் கேட்டுத்தான். என்னால் ஆனது ஏதுமில்லை என்று எழுதினால், அந்த ஒரு பொய்தான் என்னால் ஆனதாக இருக்கும்.”

மன்னனின் முகம் சிவந்தது. பிரதானி இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். இவ்வளவு தன்னம்பிக்கை உள்ளவன் மன்னர் கொடுத்ததையெல்லாம் வைத்துவிட்டு, மன்னருக்குச் சொந்தமான எதையும் தொடாமல் இதே நகரத்தில் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வாழ்ந்து காட்டட்டும் என்றார். பிச்சை எடுக்கக் கூடாது. ஊரை விட்டும் போகக் கூடாது. தோற்றால் தேர்த் திருவிழாவில் மண்டியிட்டு, ஊர் கேட்க அந்த வாசகத்தை மூன்று முறை சொல்லிவிட்டு உப்பு வண்டிக்கே திரும்ப வேண்டும். மன்னன் சரி என்றான். அம்பலத்தாடியும் சரி என்றான்.

சால்வையை மடித்து வைத்தான். கைக்காப்பைக் கழற்றி வைத்தான். வேட்டியும் மன்னர் கொடுத்ததுதானே என்று பிரதானி நினைவூட்டினார். நாளைக்குப் பிரதானியாரே கட்டிக்கொள்வதாக இருந்தால் இப்போதே அவிழ்த்துத் தருகிறேன் என்றான் அம்பலத்தாடி. மன்னன் சட்டென்று தாம்பூலத்தை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேட்டியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

வீட்டில் அவன் மனைவி வள்ளிநாச்சி எல்லாவற்றையும் கேட்டாள். “ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வந்திருக்கலாம்ல?”

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தாய்வீட்டில் கொடுத்த வெண்கலப் பானையை மட்டும் இடுப்பில் எடுத்துக்கொண்டாள். “வாங்க. மூட்டை கட்டுற வேலை மிச்சம்.”

இருவரும் சந்தைத் திடலில் இருந்த கல் மண்டபத்தில் தங்கினார்கள். முதல் இரண்டு நாள் அம்பலத்தாடி சந்தையில் நின்று கதை சொன்னான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். பானை காலியாகவே இருந்தது. சபையில் அவ்வளவு பேசினோமே, ஒரு பிடி அரிசிக்கு வழியில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாம் நாள் காலை வள்ளிநாச்சிதான் வழி சொன்னாள்.

“சிரிப்பு வேணும்னு இங்க யாரு வர்றா? எழுதத் தெரியாத சனம் எத்தனை பேரு நிக்குது பாருங்க. உங்களுக்கு எழுத்து தெரியும்ல.”

அன்றே ஒரு பனைமரத்துக்காரருக்கு ஓலை எழுதிக் கொடுத்து, கூலியாக ஒரு கட்டு வெற்று ஓலை வாங்கினான். மறுநாள் ஒரு பெண்ணுக்காக அவளுடைய தூரதேசத்துக் கணவனுக்குக் கடிதம் எழுதினான். ஒரு படி அரிசி வந்தது. அடுத்த வாரம் மண்டபத்து வாசலில் வரிசை நின்றது. கல்யாண ஓலை, வரப்புத் தகராறு, அதிகாரிகளுக்கு விண்ணப்பம் என்று பொழுது விடிந்தால் வேலை. விரல் காய்த்துப்போயிற்று. சபையில் இருந்த ஒன்பது வருஷத்தில் இப்படி அயர்ந்து தூங்கியதில்லை என்று மனைவியிடம் சொன்னான்.

பத்தாம் நாள் பிரதானி அவனைச் சபைக்கு இழுத்து வரச் செய்தார். இவன் தின்பது மன்னர் மண்ணில் விளைந்த அரிசி. பந்தயத்தில் இவன் தோற்றுவிட்டான் என்றார்.

அம்பலத்தாடி வணங்கிச் சொன்னான்: “நகர வாசலில் தங்கள் பாட்டனார் நட்ட கல்லில், விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுடையது என்று வெட்டியிருக்கிறது. மற்ற ஐந்து பங்கு உழுதவனுடையது. நான் தின்பது அந்த ஐந்தில் வந்தது. ஆறும் மன்னருடையது என்று பிரதானியார் சொன்னால், முதலில் அந்தக் கல்லைப் பிடுங்கச் சொல்லுங்கள்.”

அவன் தங்கியிருக்கும் சந்தைத் திடல் மன்னருடையதாயிற்றே என்றார் பிரதானி. அது மன்னர் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்த நிலம், கொடுத்த தானத்தை மன்னர் தன்னுடையது என்று சொல்லமாட்டார் என்றான் அம்பலத்தாடி. குடிக்கும் தண்ணீர்? அது வணிகர்கள் வெட்டிய கிணறு. மன்னன் மீசையைத் தடவிக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தான்.

அந்த நாட்களில்தான் அங்காயி என்ற பெண் மண்டபத்துக்கு வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவள். கரையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது, மழைக்கு முன் அடைக்காவிட்டால் கரையே போய்விடும் என்றாள். ஏரிப் பராமரிப்பு பிரதானியின் பொறுப்பு. அம்பலத்தாடி அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். பதில் இல்லை. இரண்டாவது எழுதினான். மூன்றாவதையும் எழுதினான். விகடனின் கையெழுத்தைப் பார்த்ததுமே பிரதானி அவற்றைப் பிரிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டார்.

முப்பத்தொன்பதாம் நாள் மழை கொட்டியது. கரை உடைந்தது. மனித உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் நாற்பது குடும்பத்து நிலம் மணலால் மூடிப்போயிற்று. அங்காயியின் ஆடுகள் ஆறும் போயின.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்ததும் அந்த நாற்பது குடும்பமும் சபைக்கு வந்தது. முன்னால் அம்பலத்தாடி நின்றான். முழங்கால் வரை சேறு.

“யார் மேல் முறையீடு?” என்று மன்னன் கேட்டான்.

“தங்கள் மேல், அரசே.”

அம்பலத்தாடி ஓரடி முன்னால் வந்தான்.

“கரையைக் காக்க வேண்டியவர் பிரதானியார். அவர் மேல் குறை சொல்லத்தான் வந்தோம். ஆனால் அதற்கு வழியில்லை. அவர் செயல் யாவும் மன்னர் செயலே என்று அவரே கையெழுத்திட்ட ஓலை இங்கே இருக்கிறது. ஆகவே மூன்று விண்ணப்பத்துக்கும் பதில் தராதவர் மன்னர். கரையை உடையவிட்டவர் மன்னர். இந்த அங்காயியின் ஆறு ஆட்டையும் வெள்ளத்தில் விட்டவர் மன்னர். குற்றவாளியும் தாங்கள், நீதிபதியும் தாங்கள். இதை எப்படி முறையிடுவது என்று தெரியாமல்தான் நிற்கிறோம்.”

மன்னனின் கை வாளுக்குப் போயிற்று. இவனைச் சிறையில் தள்ளுங்கள் என்று பிரதானி காவலர்களைப் பார்த்துச் சொன்னார். மன்னன் மெல்ல அவர் பக்கம் திரும்பினான்.

“பிரதானியாரே, அந்த ஓலை மெய்யா, பொய்யா?”

பிரதானி யோசித்தார். மெய் என்றால் ஏரியை உடைத்தவர் மன்னர். பொய் என்றால் பிறந்த நாளன்று மன்னரிடம் பொய் சொன்னவர் தான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, விண்ணப்பம் வந்தது உண்மை, பார்க்காமல் விட்டது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

மன்னன் அந்த ஓலையைக் கொண்டுவரச் சொன்னான். எழுபத்திரண்டு பெயரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான். வாள்மேல் இருந்த கை தளர்ந்தது. தோள் குலுங்கியது. அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

“எழுபத்திரண்டு பேர் செய்யப்போகும் தப்பையெல்லாம் மொத்தமாக என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். நானும் அதைப் பரிசு என்று வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன்.”

ஓலையை இரண்டாக ஒடித்துப் போட்டான். உடைப்பு அடைபடும் வரை பிரதானி மண் சுமக்க வேண்டும், நிலம் இழந்தவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியம் திறக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு சால்வையை எடுத்து அம்பலத்தாடியிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை. மண்டலம் முடிய இன்னும் ஏழு நாள் இருக்கிறது, முடித்துவிட்டுத்தான் சபையில் உட்காருவேன் என்றான்.

அந்த ஏழு நாளும் அவனும் வள்ளிநாச்சியும் ஏரிக்கரையில் மண் சுமந்தார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் சபைக்கு வந்தபோது மன்னனே எழுந்து அந்தச் சால்வையைப் போர்த்தினான். “இது நான் கொடுத்தது அல்ல. நீ சம்பாதித்தது. போதுமா?” என்றான். அதற்குமேல் என்ன வேண்டும் என்றும் கேட்டான்.

புதுக் கரையில் ஒரு கல் நட வேண்டும், மண் சுமந்தவர்கள் பெயரை யார் எத்தனை கூடை சுமந்தார்களோ அந்த வரிசையில் வெட்ட வேண்டும் என்றான் அம்பலத்தாடி.

“என் பெயர் முதலில் வரும் அல்லவா?”

“அரசே, தாங்கள் எத்தனை கூடை சுமந்தீர்கள்?”

மன்னன் சபையே அதிரச் சிரித்தான். மறுநாள் விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். பதினொரு கூடையில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் பல்லக்கில் ஏறினான்.

கல் நட்டார்கள். மன்னன் பெயர் கடைசிக்கு இரண்டு வரி மேலே இருந்தது. பிரதானியின் பெயர் மேலிருந்து ஒன்பதாவது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ விருதுகள் வாங்கினார். ஆனால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது அந்தக் கல்லை மட்டும்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு கூடை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். மன்னர் பெயர் எங்கே தாத்தா என்று பிள்ளைகள் கேட்டால், குனிந்து தேடச் சொல்வார்.