கதவை நான்

பங்கஜவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்புக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பண்டைய கிரேக்கப் பெண் கவிஞர்கள் எழுதியதில் மிஞ்சியதையெல்லாம் தமிழாக்கி முடித்துவிட்டாள். நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு துண்டுதான் அவளைப் படுத்தி எடுத்தது. எழுதியவள் பெயர்கூடத் தெரியாது. ‘ஊரே உறங்குகிறது. கதவை நான்’ என்பதோடு தாள் கிழிந்துவிட்டது.

கிரேக்கம் கற்றுத்தரும் எஸ்தரம்மா உள்ளே வந்ததுமே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிச்சுட்டேம்மா. ‘கதவை நான் திறந்தே வைத்திருக்கிறேன்.’ நெஞ்சை அள்ளுது இல்ல?”

“அடைப்புக்குறி எங்கே?”

கிழிந்த இடத்தை அடைப்புக்குறி போட்டுக் காலியாக விடுவதுதான் இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பில் வழக்கம்.

“பக்கமெல்லாம் அடைப்புக்குறியா இருந்தா எவன் படிப்பான்? பாவம்மா அவ, ரெண்டாயிரம் வருஷமா வாயடைச்சுக் கிடக்கா. நான் பேச வைக்கக் கூடாதா?”

“சாத்தியிருந்தா?”

“காதலனுக்குக் காத்திருக்கிறவ எதுக்குச் சாத்தப்போறா?”

“காதலன் எப்போ வந்தான் இதுல?”

பங்கஜவல்லிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுகிற ஆளா அவள்?

“நானும் பொம்பளைதானேம்மா. அவ மனசு எனக்குத் தெரியாதா?”

மாணவர்கள் வந்து உட்கார்ந்ததும் எஸ்தரம்மா பலகையில் ஒரு வரி எழுதினார். ‘அவர் செத்துப்போன அன்று ராத்திரி நான்’.

“ஒரு பெண் எழுதினது. மீதி கிழிஞ்சுபோச்சு. யாராவது முடிங்க.”

பங்கஜவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளே எழுதிய கவிதை. திருத்தித் தரச் சொல்லி எஸ்தரம்மாவிடம் மட்டும் காட்டியது.

முன்வரிசையிலிருந்து ஞானமுத்து எழுந்தார். குரலைத் தழைத்துக்கொண்டு, “விடிய விடிய அழுதேன்” என்றார்.

கூடமே உச்சுக்கொட்டியது. “ஐயோ பாவம், எப்படித் துடிச்சிருப்பாளோ!” என்றாள் ஒருத்தி.

“இல்லை!”

கத்தியது பங்கஜவல்லிதான்.

“நான் அழலை. தூங்கினேன்! அந்த மனுஷன்கிட்ட அடிபட்டே காலம் போச்சு. அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். என்னைக் கேட்காம என் வாயில அழுகையைத் திணிக்க இவர் யாரு?”

ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

எஸ்தரம்மா அவள் பக்கத்தில் வந்தார்.

“நீ உயிரோட இருக்க பங்கஜம். எழுந்து நின்னு சண்டை போட்டுட்ட. அவ எங்கே போய்ச் சண்டை போடுவா?”