சிவப்புப் பட்டன்

"ஜனங்களுக்குக் கண்ணே தெரியலம்மா," என்றபடி வந்து உட்கார்ந்தார் தணிகாசலம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செயலி வடிவமைக்கக் கற்றுக்கொள்கிற சீடர் அவர். குரு யாழிசைக்கு அவர் மகள் வயதுதான். இருந்தும் மனுஷர் அவள் எதிரில் கால்மேல் கால் போட்டதில்லை.

"என்ன ஆச்சு சார்?"

"கல்யாணத் தகவல் மையத்துக்கு ஒரு செயலி செஞ்சு கொடுத்தேனே? அங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர். விவரத்தைப் போட்டுட்டு, கடைசியில திரையில 'வெளியேறு'ன்னு இருக்கிற பட்டனை அழுத்தணும். அப்பதான் அவங்க விவரம் மூடும். ஒருத்தரும் அழுத்த மாட்டேங்கிறாங்க."

"அழுத்தலேன்னா?"

"அடுத்து வர்றவங்க எல்லாத்தையும் படிக்கிறாங்க. ஒரு பொண்ணுக்கு முன்னாடி நிச்சயம் ஆகி நின்னுபோச்சு. அதை நேத்து யாரோ படிச்சிட்டு அவ எதிரிலேயே பேசிட்டாங்க. அழுதுக்கிட்டே போனாளாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா செயலியையே எடுத்துடுவாங்களாம். என்னோட முதல் வேலைம்மா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பட்டனைப் பெரிசாக்கினேன். சிவப்பாக்கினேன். இப்ப குலுங்கக்கூடச் செய்யுது."

யாழிசைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போய்க் கதவை விரியத் திறந்தாள்.

"வெளியேறு," என்றாள்.

தணிகாசலம் திகைத்தார். அவள் ஒருநாளும் அவரை 'சார்' போடாமல் பேசியதில்லை.

"என்னையாம்மா?"

"வெளியேறு!"

அவர் முகம் சுருங்கிப்போனது. எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

சொன்னவளுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிவப்புப் புடவை கட்டிக்கிட்டு வந்து சொல்லியிருந்தா போயிருப்பீங்களா சார்?"

கைப்பிடியில் இருந்த அவர் பிடி தளர்ந்தது.

"குலுங்கிக் குலுங்கிச் சொல்லியிருந்தா?"

தணிகாசலம் அவளையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வரன் தேடி வந்தவங்களைப் போய் இப்படி விரட்டிட்டேனே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்போ என்னதாம்மா எழுதறது?"

"எனக்குத் தெரியாது சார். வீட்டுக்குப் போய் யோசிங்க."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் வழக்கம்போலத் திரும்பினார்.

"போயிட்டு வரேம்மா."

சொன்னவர் அங்கேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூட மாட்டாமல் பையைத் திறந்து மடிக்கணினியை வெளியே எடுத்து, பட்டனில் இருந்த 'வெளியேறு'வை அழித்தார்.